உறக்கத்திலிருந்து எழுந்த மடிக்கணினியில் திரை வராவிட்டால்: லினக்ஸ், பிஎஸ்டி பயனர்களுக்கு ஒரு வழிகாட்டி

மடிக்கணினியின் மூடியைத் திறந்ததும் விசைப்பலகை விளக்கு எரிகிறது, விசிறி சுழலும் ஓசையும் கேட்கிறது, ஆனால் திரை மட்டும் கருப்பாகவே இருக்கிறது என்றால், பெரும்பாலானோர் உடனே பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடியும் இயக்குகிறார்கள். கணினி திரும்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சேமிக்காத வேலை போய்விடும். கோளாறு எங்கே நேர்ந்தது என்பதைக் காட்டும் தடயத்தில் பாதியும் அதனுடன் போய்விடும். கருப்புத் திரைக்குப் பின்னால் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), கிராஃபிக்ஸ் டிரைவர் (காட்சிச் சில்லை இயக்கும் மென்பொருள்), திரையின் பின்னொளி, டெஸ்க்டாப் ஆகிய நான்கில் எது வேண்டுமானாலும் நின்றுபோயிருக்கலாம். நான்குக்கும் தீர்வு வேறு வேறு. ஆகவே எது நின்றது என்று தெரிந்துகொள்ளும் முன் எந்த அமைப்பையும் மாற்றக்கூடாது என்பதே இந்த வழிகாட்டி வற்புறுத்தும் செய்தி.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வாசிகளுக்கு இந்தக் கோளாறு கூடுதலாகக் கண்ணில் படுவதற்குக் காரணம் உண்டு. லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு 2023-இல் உச்சத்திலிருந்தபோது, மின்சாரம் போனதும் பேட்டரியை மிச்சப்படுத்த மூடியை மூடுவதும், இரண்டு மணி நேரமோ நான்கு மணி நேரமோ கழித்துத் திறப்பதும் வீட்டுக்கு வீடு வழக்கமாயிற்று. மின்வெட்டு குறைந்த பிறகும் பழக்கம் குறையவில்லை. மேலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் கோயில் அலுவலகத்துக்கோ தமிழ் வகுப்புக்கோ நன்கொடையாக வருவது நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினிதான். அதில் லினக்ஸின் ஒரு வெளியீடான உபுண்டுவை நிறுவிக் கொடுப்பது எளிய வழி. இந்நாட்டின் வெல்கம் நகரில் பிறந்த மார்க் ஷட்டில்வொர்த் 2004-இல் தொடங்கிய திட்டம் என்பதால் இங்கே அதற்குத் தனிப் பாசமும் உண்டு. பழைய பயாஸும் (கணினியை முதலில் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) புதிய கெர்னலும் ஒரே பெட்டிக்குள் சேரும்போது முதலில் தகராறு செய்வது உறக்கநிலைதான்.

கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் கீழே ஒலிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன். தொலைபேசியில் ஒருவர் படிக்க மற்றவர் அடிப்பதற்கும் அது உதவும். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே அடிக்க வேண்டும். பேரெழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

உறக்கத்தின்போது நடப்பது

மூடியை மூடியதும் கெர்னல் முதலில் பயனரின் நிரல்களை உறைய வைக்கிறது. பிறகு ஒவ்வொரு சாதனத்தின் டிரைவரையும் அழைத்துத் தன் நிலையைச் சேமித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறது. அதன் பின் நடப்பது உறக்கத்தின் வகையைப் பொறுத்தது. எஸ்3 எனப்படும் ஆழ்ந்த உறக்கத்தில் ராம் நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் செல்லும். தனி கிராஃபிக்ஸ் அட்டைக்கு மின்சாரம் முழுவதுமாக நின்று, அதன் சொந்த நினைவகத்தில் இருந்தவை அழிந்துவிடும். எஸ்2ஐடில் எனப்படும் மேலோட்டமான உறக்கத்தில் செயலி அணையாமல் மிகக் குறைந்த ஆற்றலில் காத்திருக்கும். ஹைபர்நேட் என்பது ராமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுவதுமாக அணைவது.

எழும்போது இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. கிராஃபிக்ஸ் டிரைவர் சில்லைப் புதிதாகத் தொடங்கி, ஃபர்ம்வேரை (வன்பொருளுக்குள்ளேயே ஓடும் மென்பொருளை) ஏற்றி, திரைப் பலகத்துடன் இணைப்பைப் பேசி முடித்து, பின்னொளியை ஏற்றி, டெஸ்க்டாப் வைத்திருந்த படங்களைத் திரும்ப ஒப்படைக்க வேண்டும். இத்தனையும் ஓரிரு நொடிகளில் முடிய வேண்டும். இவற்றில் ஒரு படி தவறினாலும் உங்களுக்குத் தெரிவது அதே கருப்புத் திரைதான்.

திரை கருப்பாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

முதலில் அரை நிமிடம் காத்திருங்கள். சில டிரைவர்கள் சில்லின் பதிலுக்குக் காத்திருந்து, பதில் வராமல் தாமே மறுதொடக்கம் செய்து மீள்வதுண்டு. அதன் பிறகு ஒளிர்வு கூட்டும் விசையைச் சில முறை அழுத்துங்கள். மூடியை ஒருமுறை மூடிச் சற்றுப் பொறுத்துத் திறந்து பாருங்கள். இரண்டாவது முறை திரை வந்துவிட்டால் கெர்னல் உயிருடன்தான் இருந்தது என்பது அங்கேயே தெளிவாகிவிடும்.

அடுத்தது டார்ச் சோதனை. அறையின் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகே சாய்வாகப் பிடித்துக் கூர்ந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்கும் பெட்டியின் விளிம்போ கடிகாரத்தின் எண்களோ சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தால், படம் சரியாக வந்திருக்கிறது, பின்னொளி மட்டும் ஏறவில்லை என்று பொருள். கடவுச்சொல்லைக் குருட்டாம்போக்கில் அடித்து உள்ளே நுழையவும் முடியும். கோளாறு டிரைவரின் மையத்தில் இல்லை, ஒளிர்வுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று இந்த ஒரு சோதனை சொல்லிவிடுவதால், வேறு எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்க வேண்டாம். ஓஎல்இடி திரையில் பின்னொளி என்ற ஒன்றே இல்லாததால் அங்கே இது செல்லாது.

பின்னர் கேப்ஸ் லாக் விசையை அழுத்தி அதன் விளக்கைக் கவனியுங்கள். விளக்கு மாறினால் கெர்னலும் டெஸ்க்டாப்பும் இயங்குகின்றன. மாறாவிட்டால் கணினி செத்துவிட்டது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள், அது சரியல்ல. வரைகலைச் சூழலில் அந்த விளக்கை மாற்றுவது டெஸ்க்டாப்பின் வேலை. திரையில் சாளரங்களை வரையும் எக்ஸ் சர்வரோ வேலாண்ட் கம்பாசிட்டரோ சிக்கி நின்றால், கெர்னல் நலமாக இருந்தாலும் விளக்கு அசையாது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்து முனையத்துக்குப் போகும் வழிக்கும் இதே குறை உண்டு. போக முடிந்தால் நல்ல செய்தி. முடியாவிட்டால் எதுவும் உறுதியாகவில்லை.

உறுதியான சோதனை வேறொரு கருவியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க்கில் தொலைவிலிருந்து கட்டளையிட உதவும் இணைப்பு) வழியாக உள்ளே நுழைவது. இதற்காக ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-சர்வர் தொகுப்பை முன்கூட்டியே நிறுவி, கணினியின் ஐபி முகவரியையும் குறித்து வைத்திருக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் செயலி இருந்தாலே போதும், இன்னொரு கணினி தேவையில்லை. நுழைய முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உடனே கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். நுழைய முடியாவிட்டால் வைஃபை மட்டும் எழாமல் இருந்திருக்கவும் கூடும் என்பதால், முடிந்தவரை இந்தச் சோதனையை நெட்வொர்க் கேபிள் செருகிய நிலையில் செய்யுங்கள்.

கடைசி வாய்ப்பு, கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளையிடும் சிஸ்ஆர்க்யூ விசை. ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீனையும் அழுத்திப் பிடித்தபடி எஸ், யூ, பி ஆகிய எழுத்துகளை ஓரிரு நொடி இடைவெளி விட்டு வரிசையாக அழுத்தினால், கெர்னல் வட்டில் எழுத வேண்டியதை எழுதி, வட்டைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றி, மறுதொடக்கம் செய்யும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்க்க வேண்டும். கணினி இதற்குக் கீழ்ப்படிந்து மறுதொடக்கம் செய்தால், கெர்னல் விழித்திருந்தது, காட்சிதான் போயிற்று என்பது நிரூபணமாகிறது. பவர் பொத்தானைப் பிடிப்பதைவிட வட்டுக்கும் இது பாதுகாப்பு. உபுண்டு இயல்பாக /ப்ராக்/சிஸ்/கெர்னல்/சிஸ்ஆர்க்யூ கோப்பில் 176 என்ற மதிப்பை வைத்திருக்கும். மேலே சொன்ன மூன்று எழுத்துகளுக்கும் அது போதுமானது. விசைப்பலகையை டெஸ்க்டாப்பிடமிருந்து பறித்துக்கொள்ளும் ஆர் எழுத்தும் வேண்டுமென்றால் மதிப்பை 180 ஆக்க வேண்டும்.

கோளாறு அல்லாத இரண்டு

ஆழமாக இறங்குவதற்கு முன் இந்த இரண்டையும் விலக்கிவிடுங்கள். மேசையில் வெளித்திரையை இணைத்து, மடிக்கணினியின் மூடியை மூடி வைத்து வேலை செய்பவர்களுக்கு மின்வெட்டின்போது ஒரு விநோதம் நேரும். வெளித்திரைக்கு மின்சாரம் போய்விடுகிறது. கணினி பேட்டரியில் உறங்குகிறது. மூடியைத் திறந்தால் டெஸ்க்டாப் இன்னும் அந்த வெளித்திரைக்கே படத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பிடுங்கினால் உள்திரை வந்துவிடும். கேபிளை எடுக்க முடியாவிட்டால் சூப்பர் (விண்டோஸ் சின்னமுள்ள) விசையுடன் பி எழுத்தை அழுத்தித் திரைகளை மாற்றலாம். க்னோம், கேடிஇ டெஸ்க்டாப்புகள் இரண்டிலும் இது செல்லும்.

மற்றது மூடி உணரி. மூடி மூடியிருப்பதைக் காந்தத்தால் அறியும் கருவி அது. காந்தப் பிடிப்புள்ள கைப்பேசி உறையைக் கையருகே வைத்திருந்தாலே மூடி இன்னும் மூடியிருப்பதாக அது நம்பி, உள்திரையை அணைத்தே வைக்கும். /ப்ராக்/ஏசிபிஐ/பட்டன்/லிட் அடைவுக்குள் இருக்கும் ஸ்டேட் கோப்பை எஸ்எஸ்ஹெச் வழியாகப் படித்தால் ஓப்பன் என்றோ க்ளோஸ்ட் என்றோ காட்டும். மூடி திறந்திருக்கும்போது க்ளோஸ்ட் என்று வந்தால் டிரைவரைக் குறை சொல்ல வேண்டாம்.

பதிவேட்டைப் படித்தல்

மறுதொடக்கம் செய்த பின், முந்தைய இயக்கத்தின் கெர்னல் பதிவை ஜர்னல்சிடிஎல் -பி -1 -கே என்ற கட்டளையால் பார்க்கலாம். முந்தைய பதிவே இல்லை என்று பதில் வந்தால், /வர்/லாக்/ஜர்னல் என்ற அடைவை உருவாக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். அதன் பிறகு பதிவுகள் வட்டில் நிலைக்கும்.

பதிவில் தேட வேண்டியது இரண்டு வரிகள். உறங்கப் போகும்போது பிஎம்: சஸ்பெண்ட் என்ட்ரி என்றும், எழுந்ததும் பிஎம்: சஸ்பெண்ட் எக்ஸிட் என்றும் கெர்னல் எழுதுகிறது. என்ட்ரி வரியில் டீப் அல்லது எஸ்2ஐடில் என்று உறக்கத்தின் வகையும் இருக்கும். எக்ஸிட் வரியும் அதற்குப் பின் நெட்வொர்க் இணைந்தது போன்ற வழக்கமான செய்திகளும் இருந்தால், கணினி முழுமையாக எழுந்திருக்கிறது. குற்றவாளி டிரைவரின் காட்சிப் பகுதியாகவோ டெஸ்க்டாப்பாகவோ இருக்க வேண்டும். என்ட்ரி வரியோடு பதிவு அறுந்திருந்தால், உறங்கும்போதோ எழும்போதோ கெர்னலே நின்றிருக்கிறது. அந்நேரத்தில் வட்டும் உறைந்திருப்பதால், கடைசியில் எழுதப்பட்ட வரிதான் குற்றத்தின் இடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு வரிகளுக்கும் இடையே உங்கள் கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயரைத் தேடுங்கள். இன்டெலுக்கு ஐ915, மிகப் புதிய இன்டெல் சில்லுகளுக்கு எக்ஸ்இ, ஏஎம்டிக்கு ஏஎம்டிஜிபியு, என்விடியாவுக்கு என்விஆர்எம் அல்லது நூவோ. ஏஎம்டியில் ரிங் ஜிஎஃப்எக்ஸ் டைம்அவுட் என்ற தொடரும், அதையடுத்து ஜிபியு ரீசெட் என்பதும் வந்தால், சில் பதில் சொல்லாமல் போய் டிரைவர் அதை மீட்க முயன்றிருக்கிறது. /சிஸ்/பவர்/சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ் அடைவில் உள்ள லாஸ்ட்_ஃபெயில்ட்_டெவ் கோப்பு, உறங்க மறுத்த சாதனத்தின் பெயரைச் சொல்லும். பலமுறை அது கிராஃபிக்ஸாக இல்லாமல் யுஎஸ்பி சாதனமாக இருந்து நம்மைக் காப்பாற்றுகிறது.

ஒருமுறைக்கு ஒரு மாற்றம்

புதுப்பித்த பிறகே கோளாறு தொடங்கியது என்றால், மற்றெல்லாவற்றுக்கும் முன் பழைய கெர்னலில் ஏறிப் பாருங்கள். இயங்கத் தொடங்கும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையால் க்ரப் பட்டியலை (எந்தக் கெர்னலில் தொடங்குவது என்று கேட்கும் பட்டியல்) வரவழைத்து, அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் என்பதில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் திரை ஒழுங்காக எழுந்தால் வன்பொருளில் குறையில்லை. அடுத்த புதுப்பிப்பு வரும்வரை பழைய கெர்னலிலேயே இருந்துவிடலாம். கோயில் அலுவலகக் கணினி போன்ற பொதுக் கணினிகளுக்கு இதுவே எனக்கு உகந்ததாகப் படுகிறது. காவடிக்கு முந்தைய வாரத்தில் கெர்னல் அளவுருக்களோடு (கெர்னல் தொடங்கும்போது அதற்குத் தரும் அமைப்புகளோடு) மல்லுக்கட்டுவதால் யாருக்கும் பயனில்லை.

கெர்னல் அளவுருவைச் சோதிக்கும்போது நிரந்தரக் கோப்பில் உடனே எழுத வேண்டாம். க்ரப் பட்டியலில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் அளவுருவைச் சேர்த்து, எஃப்10 அழுத்தினால் அந்த ஒரு இயக்கத்துக்கு மட்டும் அது செல்லும். பலன் கிடைத்தால் மட்டும் /இடிசி/டிஃபால்ட்/க்ரப் கோப்பில் சேர்த்து அப்டேட்-க்ரப் கட்டளையை இயக்குங்கள். ஃபெடோராவில் க்ரபி கட்டளை இந்த வேலையைச் செய்யும்.

உறக்கத்தின் வகையை மாற்றிப் பார்ப்பது பல நேரம் நேரடியாகப் பலன் தரும். கேட் /சிஸ்/பவர்/மெம்_ஸ்லீப் என்று கேட்டால், உங்கள் கணினிக்குத் தெரிந்த வகைகளைக் காட்டி, நடப்பிலிருப்பதைச் சதுர அடைப்புக்குள் இடும். இரண்டும் இருந்தால் மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=டீப் என்றோ மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்=எஸ்2ஐடில் என்றோ தந்து மாற்றலாம். 2020-க்குப் பின் வந்த பல இன்டெல் மடிக்கணினிகளில் தயாரிப்பாளரே ஃபர்ம்வேரிலிருந்து எஸ்3-ஐ நீக்கிவிட்டதால் டீப் என்பதே பட்டியலில் இராது. சில திங்க்பேட் மாதிரிகளின் பயாஸில், பவர் பகுதியில் ஸ்லீப் ஸ்டேட் என்ற தெரிவு உண்டு. அதை லினக்ஸ் என்று மாற்றினால் எஸ்3 திரும்பக் கிடைக்கும். எஸ்2ஐடிலுக்கு மாற்றியவர்கள் பேட்டரியைக் கவனிக்க வேண்டும். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் உறங்கும் கணினியைப் பையில் திணித்து எடுத்துச் சென்றால், அது உள்ளுக்குள் விழித்துக்கொண்டு சூடேறும் வாய்ப்பு ஆழ்ந்த உறக்கத்தைவிட இதில் அதிகம்.

இன்டெல் கிராஃபிக்ஸில் திரை கருப்பாக இருந்தாலோ, எழுந்த பின் மினுக்கினாலோ, மௌஸை அசைத்தால் மட்டும் படம் நகர்ந்தாலோ, பலகத் தன்-புதுப்பிப்பு எனப்படும் பிஎஸ்ஆர் வசதியைச் சந்தேகிக்கலாம். படம் மாறாத நேரத்தில் திரைப் பலகம் தன் நினைவில் உள்ள படத்தையே காட்டிக்கொண்டு ஆற்றலை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. ஐ915.எனேபிள்_பிஎஸ்ஆர்=0 என்ற அளவுரு அதை அணைக்கும். ஏஎம்டியில் இதே பணியை ஏஎம்டிஜிபியு.டிசிடீபக்மாஸ்க்=0எக்ஸ்10 செய்யும். பேட்டரி சற்று விரைவாகத் தீரும், வேறு தீங்கில்லை. ஏஎம்டி பயனர்கள் இதற்கு முன் லினக்ஸ்-ஃபர்ம்வேர் தொகுப்பு புதியதாக உள்ளதா என்று பார்ப்பது நல்லது. பயாஸ் புதுப்பிப்பை, தயாரிப்பாளர் அந்தச் சேவையில் வெளியிட்டிருந்தால், எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர் கட்டளையால் லினக்ஸிலிருந்தே பெறலாம். புதுப்பிப்பு ஓடும்போது சார்ஜர் செருகியிருப்பதோடு, மின்வெட்டு அட்டவணையில் அந்த நேரம் உங்கள் பகுதிக்கு உரியதாக இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்விடியாவுக்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. அதன் மூடிய (மூலநிரல் பொதுவில் கிடைக்காத) டிரைவர் இயல்பாக, அட்டையின் நினைவகத்தில் உள்ளவற்றில் ஒரு பகுதியை மட்டுமே உறங்கும் முன் சேமிக்கிறது. அதன் விளைவு கருப்புத் திரையாக இல்லாமல் சிதைவாகத் தெரியும்: சுவர்ப்படம் வண்ணக் கட்டங்களாக உடைந்திருக்கும், எழுத்துகள் இருந்த இடத்தில் சிறு செவ்வகங்கள் இருக்கும், உலாவியின் சாளரம் வெறுமையாகக் கிடக்கும். முழுவதையும் சேமிக்கச் செய்ய, /இடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, அதில் ஆப்ஷன்ஸ் என்விடியா என்று தொடங்கி என்விரெக்_ப்ரிசர்வ்வீடியோமெமரிஅலோகேஷன்ஸ்=1 என்று எழுத வேண்டும். இந்த அளவுருவில் என், வி இரண்டும் பேரெழுத்து, ரெக்கின் ஜி வரை மற்றவை சிற்றெழுத்து, அடிக்கோட்டுக்குப் பின் வரும் ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் பேரெழுத்து. சேமித்தவற்றை எங்கே வைப்பது என்பதையும் என்விரெக்_டெம்பரரிஃபைல்பாத் என்பதால் சொல்லலாம். இயல்பாக அது டெம்ப் (டி, எம், பி என்று மூன்றே எழுத்து) அடைவுக்குப் போகிறது. பல வெளியீடுகளில் டெம்ப் ராமிலேயே இருப்பதால், பெரிய அட்டையின் நினைவகம் ராமை நிரப்பி உறக்கத்தையே தோற்கடிக்கும். /வர்/டெம்ப் அடைவைக் குறிப்பிட்டு, அங்கே அட்டையின் நினைவகத்தைவிடச் சற்று அதிகமான காலியிடம் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

அளவுருவோடு வேலை முடியவில்லை. என்விடியா-சஸ்பெண்ட், என்விடியா-ரெஸ்யூம், என்விடியா-ஹைபர்நேட் ஆகிய மூன்று சேவைகளும் சிஸ்டம்சிடிஎல் எனேபிள் கட்டளையால் இயக்கப்பட்டிருக்க வேண்டும். அவைதான் உறங்கும் முன்பும் எழுந்த பின்பும் டிரைவருக்குச் சொல்பவை. அளவுருவை எழுதிவிட்டுச் சேவைகளை மறப்பதும், சேவைகளை இயக்கிவிட்டு டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ என்பதையோ ஃபெடோராவில் ட்ராகட் -எஃப் என்பதையோ ஓட்ட மறப்பதும் அடிக்கடி நடப்பவை. மறுதொடக்கத்துக்குப் பின் /ப்ராக்/டிரைவர்/என்விடியா/பராம்ஸ் கோப்பைப் படித்து அளவுரு உண்மையில் 1 ஆகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2024 ஜூனில் வந்த 256-ஆம் பதிப்பு, உறக்கத்தின்போது பயனர் அமர்வுகளை முன்கூட்டியே உறைய வைக்கத் தொடங்கியது. என்விடியா டிரைவரோடு அது ஒத்துப்போகாத கணினிகளில், சிஸ்டம்டி-சஸ்பெண்ட் சேவைக்கு ஒரு கூடுதல் கோப்பில், முழுவதும் பேரெழுத்தில் சிஸ்டம்டி_ஸ்லீப்_ஃப்ரீஸ்_யூசர்_செஷன்ஸ் என்ற சூழல் மாறியை ஃபால்ஸ் என்று சிற்றெழுத்தில் அமைத்து அதை நிறுத்தலாம்.

இன்டெலும் என்விடியாவும் ஒன்றாக உள்ள மடிக்கணினியில், விளையாட்டோ காணொளித் தொகுப்போ இல்லாதவர்கள் உபுண்டுவில் ப்ரைம்-செலக்ட் இன்டெல் என்று கட்டளையிட்டு என்விடியாவை ஒதுக்கி வைத்துவிடலாம். மேலே சொன்ன இரண்டு பத்திகளும் அப்போது தேவைப்படாது.

டார்ச் சோதனையில் படம் தெரிந்தவர்கள் /சிஸ்/கிளாஸ்/பேக்லைட் அடைவைப் பாருங்கள். அங்கே இன்டெல்_பேக்லைட், ஏஎம்டிஜிபியு_பிஎல்0, ஏசிபிஐ_வீடியோ0 போன்ற பெயர்கள் இருக்கும். அதற்குள் மேக்ஸ்_ப்ரைட்னஸ் காட்டும் எண்ணில் பாதியை ப்ரைட்னஸ் கோப்பில் எஸ்எஸ்ஹெச் வழியாக எழுதினால் திரை ஒளிர்கிறதா என்று பாருங்கள். ஒளிர்ந்தால் பல்ப் நலம், கட்டுப்பாடுதான் குழம்பியிருக்கிறது. ஏசிபிஐ_பேக்லைட்=நேட்டிவ் என்ற அளவுருவை முதலிலும், பலனில்லாவிட்டால் அதே இடத்தில் வீடியோ, வெண்டர் என்ற மதிப்புகளையும் முயலலாம்.

டெஸ்க்டாப் மட்டும் விழுந்திருந்தால் வேலை எளிது. கேடிஇயில் பூட்டுத்திரை உடைந்து கருப்பாக நின்றால், எஸ்எஸ்ஹெச்சிலோ எழுத்து முனையத்திலோ ரூட் (நிர்வாகி) உரிமையுடன் லாகின்சிடிஎல் அன்லாக்-செஷன்ஸ் என்று இடுங்கள். திறந்திருந்த ஆவணங்கள் அப்படியே கிடைக்கும். எக்ஸ்11-இல் இயங்கும் க்னோமில் ஆல்ட்டும் எஃப்2-வும் அழுத்தி ஆர் என்று அடித்து என்டர் தட்டினால் ஷெல் மட்டும் புதிதாகத் தொடங்கும். கேடிஇ எக்ஸ்11-இல் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 சேர்ந்து கம்பாசிட்டிங்கை நிறுத்தித் தொடங்கும். உள்நுழைவுத் திரையை நடத்தும் ஜிடிஎம்3 அல்லது எஸ்டிடிஎம் சேவையை மறுதொடக்கம் செய்வது கடைசி வழி, ஏனென்றால் அது திறந்திருக்கும் அனைத்தையும் மூடிவிடும்.

கெர்னலே நின்றுவிடும் கணினிகளுக்கு

இங்கே ஊகத்தை விட்டுவிட்டுப் படிப்படியாகக் குறுக்க வேண்டும். ரூட் உரிமையுடன் டிவைசஸ் என்ற சொல்லை /சிஸ்/பவர்/பிஎம்_டெஸ்ட் கோப்பில் எழுதிவிட்டு, மெம் என்பதை /சிஸ்/பவர்/ஸ்டேட் கோப்பில் எழுதினால், கெர்னல் எல்லாச் சாதனங்களையும் உறங்க வைத்து, உண்மையான உறக்கத்துக்குள் போகாமல் 5 நொடிகள் பொறுத்து மீண்டும் எழுப்பும். இதிலேயே திரை வராவிட்டால் ஃபர்ம்வேருக்குத் தொடர்பில்லை, டிரைவரே காரணம். ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசசர்ஸ், கோர் என்பது இந்தச் சோதனையின் ஆழ வரிசை. கோர் வரை எல்லாம் தேறி, உண்மையான உறக்கத்தில் மட்டும் தவறினால் பயாஸ் பக்கம் பார்வையைத் திருப்பலாம். முடிந்ததும் நன் (எதுவுமில்லை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) என்று எழுதி, சோதனை நிலையை நீக்க மறக்கக்கூடாது. சில கெர்னல்களில் இந்தக் கோப்பு இராது. பிழைதிருத்த வசதி சேர்க்காமல் கட்டப்பட்டவை அவை.

மூடியை மீண்டும் மீண்டும் மூடித் திறந்து கை வலிக்க வேண்டியதில்லை. ஆர்டிசிவேக் -எம் மெம் -எஸ் 20 என்ற கட்டளை கணினியை உறங்க வைத்து, 20 நொடிகளில் தானே எழுப்பும். சில நேரம் மட்டும் வரும் கோளாறுகளுக்கு இதை ஒரு சிறு சுழலில் ஓடவிடுவது உசிதம்.

எழும்போது எந்தச் சாதனத்தில் நின்றது என்பதை அறிய பிஎம்_ட்ரேஸ் என்ற வழியும் உண்டு. அந்தக் கோப்பில் 1 என்று எழுதிவிட்டு உறங்க வைத்தால், கெர்னல் ஒவ்வொரு படியின் அடையாளத்தையும் கணினியின் கடிகாரச் சில்லில் எழுதிக்கொண்டே போகும். நின்றுவிட்டதும் சில நிமிடங்களுக்குள் மறுதொடக்கம் செய்து, டிமெஸ்ஜியில் ஹாஷ் மேட்சஸ் என்ற வரியைத் தேடினால் சாதனத்தின் பெயர் கிடைக்கும். கடிகாரம் தாறுமாறாகிவிடும் என்பதால் பிறகு நேரத்தைத் திருத்த வேண்டும். தவறான தேதியில் உலாவி எந்த வங்கித் தளத்தையும் திறக்காது.

பிஎஸ்டி பயனர்களுக்கு

ஃப்ரீபிஎஸ்டியில் லினக்ஸின் கிராஃபிக்ஸ் டிரைவர்களையே டிஆர்எம்-கேமாட் என்ற தொகுப்பாகத் தழுவியிருக்கிறார்கள். அந்தத் தொகுப்பு இல்லாமல் எழுத்துத் திரை டிரைவரோடு உறங்க வைத்தால் திரை திரும்புவது அதிருஷ்டம்தான். ஆகவே அதை நிறுவி, ஆர்சி.கான்ஃப் கோப்பின் கேஎல்டி_லிஸ்ட் வரியில் ஐ915கேஎம்எஸ் அல்லது ஏஎம்டிஜிபியு சேர்க்கப்பட்டிருப்பதை முதலில் பாருங்கள். சிஸ்சிடிஎல் ஹெச்டபிள்யூ.ஏசிபிஐ.சப்போர்ட்டட்_ஸ்லீப்_ஸ்டேட் என்பது எஸ்3 உண்டா என்று சொல்லும். ஏசிபிஐகான்ஃப் -எஸ் 3 உறங்க வைக்கும். டீபக்.ஏசிபிஐ.சஸ்பெண்ட்_பவுன்ஸ்=1 என்று அமைத்தால், லினக்ஸின் பிஎம்_டெஸ்ட் போலவே சாதனங்களை மட்டும் உறங்கவைத்து எழுப்பிச் சோதிக்கலாம். ஹெச்டபிள்யூ.ஏசிபிஐ.ரீசெட்_வீடியோ என்ற அமைப்பை 1 ஆக்குவது பழைய கணினிகளில் சிலவற்றுக்கு உயிர் கொடுக்கும், வேறு சிலவற்றைத் தொங்க வைக்கும். அது இயல்பாக 0 என்று இருப்பது அதனால்தான்.

ஓப்பன்பிஎஸ்டியில் செய்ய வேண்டியது குறைவு. எஃப்டபிள்யூ_அப்டேட் கட்டளையால் ஃபர்ம்வேரைக் கொண்டுவந்து, ஏபிஎம்டி சேவையை இயக்கிவிட்டு, சிற்றெழுத்தில் மூன்று இசட் அடித்தால் உறங்கும், பேரெழுத்தில் அடித்தால் ஹைபர்நேட் ஆகும். இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் நன்றாக நடக்கிறது. என்விடியாவின் மூடிய டிரைவர் அங்கே இல்லாததால், அந்த அட்டை உள்ள கணினிக்கு ஓப்பன்பிஎஸ்டியைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதற்கும் மசியாத கணினியில்

மேற்சொன்ன எல்லாம் தோற்றால், உறக்கத்தைக் கைவிட்டு ஹைபர்நேட்டுக்குப் போவது நியாயமான முடிவு. எழும்போது கிராஃபிக்ஸ் சில் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கப்படுவதால், எஸ்3-இல் தவறும் கணினிகளில் சில இதில் தேறிவிடுகின்றன. ராமின் அளவுக்கு வட்டில் ஸ்வாப் இடம் (ராமில் உள்ளதை எழுதி வைக்க ஒதுக்கும் பகுதி) வேண்டும், எழுவதற்குச் சில நொடிகள் கூடும். மின்வெட்டு நீளும் நாட்களில் பேட்டரி துளியும் செலவாகாது என்பது நமக்கு இலாபம். அதுவும் வேண்டாம் என்றால் /இடிசி/சிஸ்டம்டி/லாகின்டி.கான்ஃப் கோப்பில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்பதை இக்னோர் என்று மாற்றி, மூடியை மூடினால் எதுவும் நடக்காதபடி செய்துவிடலாம். இதில் ஹெச், எல், எஸ் மூன்றும் பேரெழுத்து.

டிரைவர் ஆக்கியவர்களுக்குப் பிழையறிக்கை எழுதுவதானால், கணினியின் மாதிரிப் பெயர், பயாஸ் பதிப்பு, எந்தக் கெர்னல் வரை ஒழுங்காக இருந்தது, எதிலிருந்து கெட்டது, மெம்_ஸ்லீப் கோப்பின் வரி, என்ட்ரி முதல் எக்ஸிட் வரையிலான பதிவு ஆகியவற்றை இணையுங்கள். எல்எஸ்பிசிஐ -என்என்கே கட்டளையின் வெளியீட்டையும் சேர்க்க வேண்டும். எந்தச் சில்லை எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்பதை அது ஒரே பார்வையில் காட்டும். பதிவை அனுப்பும் முன் அதில் உங்கள் வைஃபை பெயரோ கணினியின் பெயரோ இருந்தால் நீக்கிவிடுங்கள்.